பம்புத் துப்பாக்கியைக் காலி செய்யும் முறை
(அங்கத்தினர்களின் கூட்ட வாசிப்புக்குரிய பாடம்)

பயிர்க் காவலுக்கும் உயிர்க் காவலுக்கும் லைசென்ஸு பெற்றுத் துப்பாக்கி வைத்திருக்கும் குடியானவர்கள் மலையடிவாரக் கிராமங்களிலும் தோட்டப் பகுதிகளிலும் ஆங்காங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கு நெடுங்காலமாகப் பழக்கமானவை இரண்டு வகை. குழல் வாய் வழியாக மருந்தும் ரவையும் இட்டுக் கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி ஒன்று. நடுவில் மடக்கித் திறந்து தோட்டா போடும் ஒற்றைக் குழல் அல்லது இரட்டைக் குழல் துப்பாக்கி மற்றொன்று. இவற்றோடு மூன்றாவதாகப் பம்பு ஆக்ஷன் என்னும் வகையும் சேர்ந்திருக்கிறது. குழலின் கீழுள்ள பிடியைப் பின்னும் முன்னும் தள்ளி இயக்குவதால் இதற்கு இப்பெயர் வந்தது. இதனைப் பம்புத் துப்பாக்கி என்றே இப்பாடத்தில் வழங்குவோம்.

குறி பார்ப்பதும் சுடுவதும் இப்பாடத்தின் விஷயம் அல்ல. வேலை முடிந்து வீடு திரும்பியவர் தம் துப்பாக்கியை ஒருவருக்கும் தீங்கின்றி எவ்வாறு வெறுமையாக்கி வைப்பது என்பதொன்றே இங்கே சொல்லப்படுகிறது. துப்பாக்கியால் நேரும் விபத்துக்களின் விசாரணையில், "காலியாக இருக்கிறது என்று நினைத்தேன்" என்ற வாக்கியமே அடிக்கடி கேட்கப்படுகிறது. பம்புத் துப்பாக்கியின் அமைப்போ அந்த நினைப்புக்கு மிகுதியும் இடங்கொடுப்பது. ஆகையால் இதனைக் கையாளுவோர் மட்டுமன்றி, இதனை வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் வாழ்வோரும், ஒரே வரப்பில் காவலிருப்போரும் இம்முறையை அறிந்திருத்தல் அவசியம்.

1. இத்துப்பாக்கி வந்த வரலாறு

பம்புத் துப்பாக்கி அமெரிக்க நாட்டில் தோன்றியது. கிறிஸ்டோபர் ஸ்பென்ஸர் என்பவர் 1882-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் ஜான் பிரௌனிங் என்னும் நிபுணர் வகுத்த அமைப்புக்களை வின்செஸ்டர் கம்பெனியார் 1893-லும் 1897-லும் செய்து விற்றனர். ரெமிங்டன் கம்பெனியார் 1950-ல் வெளியிட்ட 870 என்னும் மாதிரி உலகெங்கும் பரவியது. 2009-ல் அதன் எண்ணிக்கை ஒரு கோடியை எட்டியது. நம் நாட்டில் திருச்சிராப்பள்ளிப் படைக்கலத் தொழிற்சாலையிலும் 12 போர் பம்புத் துப்பாக்கி செய்யப்பட்டிருக்கிறது.

"12 போர்" என்பது குழலின் அளவு. ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான 12 உருண்டைகளாக வார்த்தால், ஓர் உருண்டையின் குறுக்களவு எவ்வளவோ அவ்வளவே குழலின் உட்குறுக்களவு. அது ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். 20 போர் என்றால் ஈயம் 20 பங்காகிறது. ஆகவே குழல் சிறியது. எண் பெருகினால் குழல் சுருங்கும் என்று நினைவில் வைக்க வேண்டும்.

2. உறுப்புக்களும் அவற்றின் வேலையும்

மேற்சொன்ன 870 மாதிரியையே உதாரணமாகக் கொள்வோம். பிற மாதிரிகளில் பொத்தான்களின் இடம் வேறுபட்டாலும் வேலை ஏறக்குறைய ஒன்றே.

குழலின் பின்புறத்தில் தோட்டா உட்கார்ந்து வெடிக்கும் இடத்துக்கு அறை என்று பெயர். குழலுக்கு அடியில், அதற்கு இணையாக ஓடும் மற்றொரு குழாய் தோட்டாக் குழாய். இதனுள் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். உள்ளேயிருக்கும் நீண்ட சுருள்வில் அவற்றைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். 870-ன் சாதாரணக் குழாயில் 70 மில்லிமீட்டர் தோட்டாக்கள் 4 கொள்ளும், அறையில் ஒன்று, ஆக 5. நீண்ட குழாய் பொருத்திய துப்பாக்கிகளில் இதைவிட அதிகம் கொள்ளும். குழாய்க்குள் மரக்கட்டை செருகித் தொகையைக் குறைத்திருப்பதும் உண்டு.

தோட்டாக் குழாயைச் சுற்றியிருக்கும் கட்டைக்கு முன்பிடி என்று பெயர். அதைப் பின்னுக்கு இழுத்தால், அறையை மூடியிருக்கும் அடைப்பான் பின்னுக்கு வரும். வரும்போது அறையிலிருக்கும் தோட்டாவைப் பற்றி இழுத்து, வலப்பக்கத்திலுள்ள வெளிவாய் வழியாகத் தள்ளும். இழுப்பு முடியும் தறுவாயில், குழாயிலிருந்து ஒரு தோட்டா விடுபட்டுத் தூக்குத் தட்டு என்னும் சிறு தகட்டின்மேல் வந்து கிடக்கும். முன்பிடியை மறுபடி முன்னுக்குத் தள்ளினால் தட்டு உயர்ந்து, அத்தோட்டா அறைக்குள் ஏறிவிடும், அடைப்பான் மூடிக்கொள்ளும், துப்பாக்கி சுடுவதற்கு ஆயத்தமாகிவிடும்.

ஆகவே தோட்டா இருக்கக்கூடிய இடங்கள் மூன்று: அறை, தூக்குத் தட்டு, தோட்டாக் குழாய். இம்மூன்றும் வெறுமையானாலன்றித் துப்பாக்கி காலியென்று சொல்லலாகாது.

இன்னும் இரண்டு உறுப்புக்கள் உள. விசை வளையத்தின் பின்பகுதியில் குறுக்காகச் செல்லும் பொத்தான் காப்புப் பொத்தான். 870-ல் அதை வலப்பக்கமாகத் தள்ளினால் விசை இயங்காது. இடப்பக்கம் சிவப்பு வளையம் தெரிந்தால் விசை இயங்கும் என்று பொருள். இடக்கையாளருக்கென்று செய்யப்பட்டவற்றில் இது மாறியிருக்கும். விசை வளையத்தின் முன்பக்கம் இடப்புறமாக உள்ள சிறு நாக்கு விடுபொத்தான். துப்பாக்கி மூடி ஆயத்தமாக இருக்கும்போது முன்பிடி பூட்டப்பட்டிருக்கும். இந்த விடுபொத்தானை அழுத்தினால்தான் அது பின்னுக்கு வரும். மாஸ்பெர்க் 500 மாதிரியில் காப்புப் பொத்தான் துப்பாக்கியின் முதுகிலும், விடுபொத்தான் விசை வளையத்தின் பின்னாலும் இருக்கும். தம் துப்பாக்கியில் இவை எங்கே உள்ளன என்பதைத் துப்பாக்கி வெறுமையாயிருக்கும்போதே பகல் வெளிச்சத்தில் கற்றுக்கொள்ள வேண்டும்.

3. பிழை நேரும் இடங்கள்

முதற் பிழை, ஒரு தோட்டா வெளிவந்ததைக் கண்டு காலியாயிற்று என்று எண்ணுவது. மடக்குத் துப்பாக்கியில் பழகியவர்க்கு இவ்வெண்ணம் இயற்கை. மடக்குத் துப்பாக்கியைத் திறந்தால் குழலின் பின்வாய் முழுவதும் கண்முன் வந்துவிடும். தோட்டா இருந்தால் அதன் பித்தளை அடி தெரியும், இல்லையேல் குழல் வழியே வானம் தெரியும். அங்கே திறப்பதே சோதனை. பம்புத் துப்பாக்கியிலோ, ஒரு தோட்டாவை வெளியே எறிந்த கை, பிடியை முன்னுக்குத் தள்ளும்போது மற்றொரு தோட்டாவை அறைக்குள் ஏற்றிவிடுகிறது. காலி செய்வதாக நினைத்துச் செய்த காரியம் கெட்டிக்கும் காரியமாக முடிகிறது. ஓசையும் அசைவும் இரண்டுக்கும் ஒன்றே.

இரண்டாம் பிழை இதனினும் கொடியது. முன்பிடி பூட்டியிருப்பதை அறியாதவர், அது இழுபடவில்லையே என்று திகைக்கிறார். விசையை இழுத்தாலும் அந்தப் பூட்டு விடும். வெறுந்துப்பாக்கியில் யாரோ அவ்வாறு செய்ததை அவர் பார்த்திருப்பார். அதையே நினைந்து, அறையில் தோட்டா இருக்கும்போது விசையை இழுத்துவிடுகிறார். பூட்டும் விடுபடுகிறது, தோட்டாவும் வெடிக்கிறது. காலி செய்யும் வேலையில் விசைக்கு ஒரு காரியமும் இல்லை. பிடியை விடுவிப்பது விடுபொத்தான் ஒன்றே என்பதைக் கைக்குப் பாடமாக்க வேண்டும்.

மூன்றாம் பிழை, காப்புப் பொத்தானையே கதியென்று நம்புவது. காப்புப் பொத்தான் இரும்பினாற் செய்த ஒரு சிறு தடை. தேய்மானம், துரு, அழுக்கு, தவறான பழுதுபார்த்தல் ஆகியவற்றால் அது பயன்படாமற் போகலாம். காப்பைப் போட்டுவிட்டுக் குழலை மனிதர்மேல் திருப்புகிறவர், கதவைத் தாழிட்டோம் என்று சுவரைத் திறந்து வைப்பவரை ஒப்பார். பழைய மாதிரிகளில், முக்கியமாக 1897-ஆம் வருஷத்து வின்செஸ்டரில், விசையை அழுத்திக்கொண்டே முன்பிடியை முன்னுக்குத் தள்ளினால், அடைப்பான் மூடியவுடனே தோட்டா வெடித்துவிடும். ஆகவே விசையில் விரல் வைக்கலாகாது என்னும் விதிக்கு எந்த மாதிரியிலும் விலக்கில்லை.

4. முன்னேற்பாடுகள்

காலி செய்வதற்கு முதலில் இடம் தெரிந்துகொள்க. வீட்டுத் திண்ணை இதற்கு ஏற்ற இடமன்று. கீற்றுத் தடுப்பும், மூங்கிற் பட்டிகையும், மெல்லிய பலகைக் கதவும் ரவையைத் தடுத்து நிறுத்தா. கற்பாறையும், சிமெண்டுத் தளமும், குளத்து நீர்ப்பரப்பும் ரவையைத் தெறிக்கச் செய்யும். ஈரமான மண்மேடு, உயர்ந்த ஆற்றுக்கரை, அல்லது மணல் நிரப்பிய பெரிய பெட்டி ஆகியவையே தக்கவை. குழல் வாய் எப்பொழுதும் அந்தத் திசையையே நோக்கியிருக்க வேண்டும். வேலை முடியுமட்டும் திரும்பலாகாது.

குழந்தைகளையும் ஆடுமாடுகளையும் அப்புறப்படுத்துக. உடனிருப்பவர் யாவரும் துப்பாக்கி பிடித்திருப்பவருக்குப் பின்னால் நிற்க வேண்டும். வெளியே வரும் தோட்டாக்களை இட ஒரு தட்டோ பையோ அருகில் இருக்கட்டும். வெளிச்சம் வேண்டும், இரவானால் ஒருவர் பின்னாலிருந்து டார்ச்சு பிடிக்கட்டும். களைப்பு, அவசரம், மது, பேச்சு ஆகிய நான்கும் அருகில் வரலாகாது. கைபேசி ஒலித்தாலும் வேலை முடியும்வரை அதை எடுக்க வேண்டாம்.

எத்தனை தோட்டா போட்டோம் என்பது நினைவிலிருந்தால் நன்று. ஆயினும் அந்த எண்ணிக்கையை நம்பி வேலையை நிறுத்தலாகாது. நம் சங்கத்திலே கையிருப்பைச் சோதிக்கும் முறையை இதற்கு ஒப்பிடலாம். ரொக்கப் புஸ்தகத்தில் வரவும் செலவும் ஒத்திருக்கின்றன என்பதற்காகப் பஞ்சாயத்தார் பெட்டியைத் திறவாமல் கையெழுத்திடுவதில்லை. பெட்டியைத் திறந்து, நோட்டும் நாணயமுமாக எண்ணிப் பார்த்த பிறகே கையெழுத்து. துப்பாக்கி விஷயத்தில் எண்ணிக்கை புஸ்தகம். கண்ணும் விரலும் பெட்டியைத் திறத்தல்.

5. காலி செய்யும் கிரமம்

வலக்கையாளர் ஒருவர் 870 மாதிரியைக் காலி செய்வதாகக் கொண்டு கீழ்க்கண்ட வரிசையைச் சொல்லுகிறோம். ஒவ்வொரு படியும் முடிந்த பின்பே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும்.

(1) குழல் வாயை மண்மேட்டை நோக்கித் திருப்புக. துப்பாக்கியைக் கையில் எடுக்கும் முன்னரே இத்திசையை நிச்சயித்திருக்க வேண்டும்.

(2) விசை விரலை வளையத்துக்கு வெளியே, துப்பாக்கியின் உடலோடு நேராக நீட்டி வைக்க. வேலை முடியுமளவும் அது அங்கேயே இருக்கட்டும்.

(3) காப்புப் பொத்தானைத் தள்ளி விசையைத் தடுத்து வைக்க. இந்த மாதிரியில் காப்பு போட்டிருக்கும்போதே முன்பிடியை இழுக்க முடியும்.

(4) விடுபொத்தானை அழுத்திக்கொண்டு முன்பிடியை மெதுவாகப் பின்னுக்கு இழுக்க. வெடுக்கென்று இழுத்தால் தோட்டா பறந்து கல்லின்மேல் விழும். அன்றியும் என்ன நடக்கிறது என்று கண் பார்க்க முடியாது.

(5) அறைத் தோட்டாவின் முன்முனை வெளிவாயின் முன்விளிம்புக்கு நேராக வந்தவுடன் பிடியை நிறுத்துக. பிடிக்கட்டையை வலக்கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வலக்கை விரல்களால் அத்தோட்டாவை வெளியே எடுத்துத் தட்டில் வைக்க. குழல் வாய் திசை மாறாதிருக்கிறதா என்று இப்பொழுது மறுமுறை பார்க்க. கை மாறும் இந்த நேரத்தில்தான் குழல் தன்னையறியாமல் பக்கவாட்டில் சாயும்.

(6) பிடியை முற்றும் பின்னுக்கு இழுக்க. குழாயிலிருந்து அடுத்த தோட்டா விடுபட்டுத் தூக்குத் தட்டுக்கு வரும். இவ்விடத்தில் பிடியை முன்னுக்குத் தள்ளலாகாது. துப்பாக்கியை வெளிவாய் கீழ்நோக்குமாறு பக்கவாட்டில் உருட்டுக. தோட்டா வெளிவாய் வழியாகத் தானே விழும். அதைக் கையிலோ பையிலோ ஏற்றுக்கொள்க.

(7) அது விழுந்த பின்னர் பிடியை முன்னுக்குத் தள்ளி மூடுக. தோட்டா தட்டிலிருந்து விழாமல் மூடினால் அது அறைக்குள் ஏறிவிடும். அவ்வாறு ஏறிவிட்டால் கலங்க வேண்டியதில்லை. துப்பாக்கி கெட்டித்திருக்கிறது என்பதை மட்டும் மறவாமல் நாலாம் படியிலிருந்து மறுபடி தொடங்குக.

(8) மூடிய பின் விடுபொத்தானை அழுத்தி, ஆறாம் ஏழாம் படிகளைத் திரும்பத் திரும்பச் செய்க. பிடியைப் பின்னுக்கு இழுத்தபோது புதிதாகத் தோட்டா ஒன்றும் தட்டுக்கு வராத வரையில் இதைத் தொடர வேண்டும்.

(9) இறுதியாகப் பிடியைப் பின்னுக்கு இழுத்துத் திறந்தபடியே வைக்க. இனிச் சோதனை.

சில மாதிரிகளில் தோட்டாக்களை அறைக்குள் செல்லவிடாமல் அடிவழியாகவே எடுப்பதும் உண்டு. துப்பாக்கியை மூடிவைத்து, தூக்குத் தட்டை உள்ளே அழுத்தி, குழாயின் பின்வாயில் பக்கவாட்டிலுள்ள தடுப்பை விரலால் அமுக்கினால் தோட்டா ஒவ்வொன்றாகப் பின்னே வழுகி வரும். வில்லின் வேகத்தில் பாயாதபடி மறு விரலால் அதைத் தாங்கிக்கொள்ள வேண்டும். இம்முறையைத் தெரிந்தவரிடம் நேரிற் கற்றே கையாள வேண்டும். இதில் குழாய் மட்டுமே காலியாகும். அறையிலுள்ள தோட்டா அப்படியே இருக்கும். அதனை நாலாம் ஐந்தாம் படிகளின்படி தனியே எடுக்க மறந்தவர், காலி செய்யாதவரைக் காட்டிலும் அபாயத்தில் இருக்கிறார். ஏனெனில் அவருக்குச் சந்தேகமும் இராது.

6. சோதனை

திறந்த துப்பாக்கியின் மூன்று இடங்களையும் முறையே பார்க்க வேண்டும்.

முதலில் அறை. வெளிவாய் வழியாகக் கண்ணால் பார்த்து, பின்னர் சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தடவுக. கண் இருட்டில் ஏமாறும், விரல் ஏமாறாது. விரல் உள்ளேயிருக்கும்போது வேறொருவரும் முன்பிடியைத் தொடலாகாது.

இரண்டாவது தூக்குத் தட்டு. துப்பாக்கியைச் சற்றே உருட்டி, தட்டின்மேல் ஒன்றும் தங்கவில்லை என்று பார்க்க.

மூன்றாவது தோட்டாக் குழாயின் பின்வாய். இங்கே விரலை வைத்தால் வில்லின் நுனியிலுள்ள மூடி தட்டுப்பட வேண்டும். அழுத்தினால் அது உள்ளே சென்று விரலோடு திரும்பி வரும். பித்தளை விளிம்பும் அதன் நடுவே வட்டமான குப்பியும் தட்டுப்பட்டால் அது தோட்டாவின் அடி. மூடியும் இன்றித் தோட்டாவும் இன்றி வெறும் பள்ளமாக இருந்தால் மகிழ்ந்துவிடலாகாது. குழாய் நசுங்கியோ, வில் துருவேறியோ, ஈரத்தில் பருத்த தோட்டாவொன்று நடுவழியில் சிக்கியிருக்கலாம். அது பின்னொரு நாள், ஒரு தட்டலில் விடுபட்டுக் கீழே வரும். இத்தகைய துப்பாக்கியைக் கெட்டித்த துப்பாக்கியாகவே பாவித்து, லைசென்ஸு பெற்ற பழுதுபார்ப்பவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

மூன்றும் பார்த்தபின், மறுமுறையும் முதலிலிருந்து பார்க்க. அருகில் வயதுவந்தவர் ஒருவர் இருந்தால் அவரும் பார்க்கட்டும். அதன்பின் குழலின் உட்புறத்தையும் பின்பக்கத்திலிருந்து நோக்குக. பல நாள் மூலையிற் சாத்தியிருந்த துப்பாக்கியின் குழலுக்குள் குளவி மண்கூடு கட்டுவதுண்டு. அடைபட்ட குழலில் சுட்டால் குழலே பிளக்கும். சிறிய 20 போர் தோட்டாவைத் தவறி 12 போர் துப்பாக்கியில் இட்டால், அது அறையைத் தாண்டி முன்னே சென்று குழலில் நின்றுகொள்ளும். பின்னால் 12 போர் தோட்டாவும் ஏறிவிடும். அதன் விளைவும் குழல் வெடிப்பே. வெவ்வேறு அளவுத் தோட்டாக்களை ஒரே பையில் வைக்கலாகாது என்பது இதனால் ஏற்பட்ட விதி.

7. இடையூறுகள்

விசையை இழுத்தும் தோட்டா வெடியாவிட்டால் உடனே திறக்கலாகாது. சில வேளைகளில் மருந்து தாமதித்துப் பற்றும். குழலைத் தக்க திசையிலேயே வைத்துக்கொண்டு, 30 விநாடிக்குக் குறையாமல் காத்திருக்க; ஒரு நிமிஷமானால் இன்னும் நலம். பின்னர் முகத்தை வெளிவாய்க்கு நேரே கொண்டுபோகாமல் திறந்து தோட்டாவை எடுக்க. குத்துப்பட்ட அத்தோட்டாவை மறுபடி போடுவதும், அடுப்பிலிடுவதும், குப்பையில் எறிவதும், பிரித்துப் பார்ப்பதும் கூடா. தனியே வைத்து, லைசென்ஸு பெற்ற வியாபாரியிடமோ காவல் நிலையத்திலோ சொல்லி ஒப்படைக்க வேண்டும்.

மழையில் நனைந்த தோட்டா, முக்கியமாகக் காகித உறையுள்ளது, பருத்து அறையில் இறுகிக்கொள்ளும். அப்பொழுது பிடிக்கட்டையைத் தரையில் மோதி முன்பிடியை இறக்குவோர் உண்டு. மோதும்போது குழல் வாய் பெரும்பாலும் மோதுகிறவரின் முகத்துக்கு நேராக இருக்கும். அறையில் தோட்டா உள்ளவரை இக்காரியத்தை ஒருபோதும் செய்யலாகாது. முன்வாய் வழியாக இரும்புக் கம்பி விட்டுக் குத்துவதும் அவ்வாறே. மிதமான பலத்துக்கு இணங்காத துப்பாக்கியை, குழல் திசை மாறாமல் காவலில் வைத்து, தொழில் அறிந்தவரை அவ்விடத்துக்கு வரவழைப்பதே முறை.

8. கைமாற்றுவதும் வைப்பதும்

ஒருவரிடமிருந்து மற்றொருவர் கைக்குத் துப்பாக்கி செல்லும்போது, கொடுப்பவர் திறந்து காட்டிக் கொடுக்க வேண்டும். வாங்குபவர் தாமே பார்த்து வாங்க வேண்டும். நம் கிராமங்களில் இதற்கு ஒரு தடை உண்டு. வயதில் மூத்தவரோ, நிலச்சுவான்தாரோ, "காலிதான், பிடி" என்று நீட்டும்போது, திறந்து பார்ப்பது அவரை நம்பாததுபோல் ஆகுமே என்று இளையவர் கூசுகிறார். இந்தக் கூச்சத்தினாலே உயிர்கள் போகக்கூடும். சங்கத்தில் நூறு ரூபாயைக் கையில் வாங்கும் காரியதரிசி அதை எண்ணிப் பார்க்கிறார். கொடுத்தவர் அதனால் மனம் நோவதில்லை. துப்பாக்கியை வாங்கிப் பார்ப்பதும் அவ்வாறே வழக்கமாகிவிட வேண்டும். இதனைப் பெரியவர்களே முதலில் தொடங்கினால், "தம்பி, பார்த்து வாங்கிக்கொள்" என்று ஒரு வார்த்தை சொன்னால், இளைஞருக்குக் கூச்சம் நீங்கும்.

காலியான துப்பாக்கியையும் தோட்டாக்களையும் ஒரே இடத்தில் வைக்கலாகாது. துப்பாக்கியைப் பூட்டிய பெட்டியிலோ அலமாரியிலோ வைத்து, தோட்டாக்களை வேறிடத்தில் வேறு பூட்டில் வைக்க. சாவி வீட்டிலுள்ள குழந்தைகளின் கைக்கெட்டாத இடத்தில் இருக்கட்டும். நாளை மறுபடி எடுக்கும்போது, நேற்று நாமே காலி செய்தோம் என்ற நினைவை நம்பாமல், புதிதாகக் கையில் வந்த துப்பாக்கியைப் போலவே திறந்து பார்க்க வேண்டும். இடையில் யார் தொட்டார் என்பதைத் துப்பாக்கி சொல்லாது.

தேர்தல் காலங்களில் லைசென்ஸுதாரர் தம் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ, லைசென்ஸு பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்கும்படி உத்தரவாவது வழக்கம். அப்பொழுது வீட்டை விட்டுப் புறப்படும் முன்பே மேற்சொன்ன கிரமப்படி காலி செய்து, தோட்டாக்களைத் தனிப்பையில் கொண்டு செல்ல வேண்டும். ஜனங்கள் கூடி நிற்கும் நிலைய வாசலில் காலி செய்யத் தொடங்குவது தகாது.

9. சட்டத்தைப் பற்றிச் சில வார்த்தை

1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்துக்குப் பதிலாக ஏற்பட்டது 1959-ஆம் வருஷத்துச் சட்டம். காவலுக்கோ விளையாட்டுக்கோ உரிய துப்பாக்கி, உட்புறம் வழவழப்பான குழலுடன், அக்குழல் 20 அங்குலத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று அதில் குறிக்கப்பட்டிருக்கிறது. பயிர்க் காவலுக்கு முதலில் கூறப்படுவது வாய்வழிக் கெட்டிக்கும் துப்பாக்கி. அது போதாதென்று அதிகாரி திருப்தியடைந்தால் வேறு வகைக்கும் லைசென்ஸு தரலாம். பயிர்க் காவல் லைசென்ஸு வனவிலங்குகளைச் சுடும் அனுமதி ஆகாது. அதற்கு 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தனியே இருக்கிறது.

அஜாக்கிரதையால் ஒருவர் உயிர் போனால், "காலியென்று நினைத்தேன்" என்னும் சமாதானம் குற்றத்தைப் போக்காது. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவின்படி, அஜாக்கிரதையால் மரணம் விளைவிப்பவருக்கு 5 வருஷம் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். ஆயினும் அண்டை வீட்டாரின் பிள்ளையையோ தம் பிள்ளையையோ இழந்த வீட்டுக்குத் தண்டனையின் அளவு ஒரு பொருட்டன்று. சட்டத்துக்கு அஞ்சியேனும் அன்பினாலேனும் அந்த அரை நிமிஷச் சோதனையை விடாது செய்தல் வேண்டும்.

10. சுருக்கம்

குழல் வாய் மண்மேட்டை நோக்கட்டும். விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும். காப்பைப் போடுக, ஆனால் அதை நம்பற்க. பிடியை விடுவிப்பது விடுபொத்தான், விசை அன்று. மெதுவாகத் திறந்து அறைத் தோட்டாவைக் கையால் எடுக்க. தட்டிலுள்ளதை வெளியே விழவிட்ட பின்பே மூடுக. இனி ஒன்றும் வராத வரையில் தொடர்க. அறை, தட்டு, குழாய் மூன்றையும் கண்ணாலும் விரலாலும் இருமுறை பார்க்க. துப்பாக்கி வேறு, தோட்டா வேறாகப் பூட்டி வைக்க.

11. கூட்டத்தில் கேட்கத் தக்க வினாக்கள்

1. மடக்குத் துப்பாக்கியைத் திறப்பதற்கும் பம்புத் துப்பாக்கியைத் திறப்பதற்கும் உள்ள வேற்றுமை யாது?

2. தோட்டா இருக்கக்கூடிய மூன்று இடங்கள் எவை?

3. முன்பிடி பூட்டியிருந்தால் எதை அழுத்த வேண்டும்? எதைத் தொடலாகாது?

4. குழாயின் பின்வாயில் மூடியும் தோட்டாவும் தட்டுப்படாவிட்டால் என்ன செய்ய வேண்டும்?

5. பெரியவர் ஒருவர் துப்பாக்கியை நீட்டினால் வாங்குபவரின் கடமை யாது?

அங்கத்தினர்கள் இப்பாடத்தை அடுத்த மாதக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்கப் பிறர் கேட்குமாறு ஏற்பாடு செய்யலாம். கூட்டத்துக்கு எவரும் துப்பாக்கி கொண்டுவர வேண்டாம். தடியொன்றைக் கையில் வைத்துக்கொண்டே படிகளை வரிசையாகச் சொல்லிப் பழகலாம். துப்பாக்கி வைத்திராத அங்கத்தினர்களும், விசேஷமாகப் பெண்மக்களும், மூன்று இடங்களின் பெயரைத் தெரிந்துகொள்வார்களாக. வீட்டுக்காரர் காவலிலிருந்து திரும்பி வந்ததும், "மூன்றும் பார்த்தீர்களா?" என்று ஒரு கேள்வி கேட்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு.